இன்னிக்கி என்னடா பார்த்தே?

எங்கள் அப்பா லால்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் நாற்பது வருஷம் விவசாயம் பார்த்தவர். சாயங்காலம் வாசலில் நின்று வானத்தை அண்ணாந்து பார்த்து, "ராத்திரி மழை வரும், வைக்கோலை மூடுங்க" என்பார். பெரும்பாலும் வந்துவிடும். அப்படிப்பட்டவருக்குக் கண்ணில் நீர் அழுத்த நோய் வந்தது. வலியில்லை, சிவப்பில்லை. ஓரப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போனது அவருக்கே தெரியவில்லை. நாங்கள் டாக்டரிடம் அழைத்துப் போனபோது காலம் கடந்துவிட்டது. போன பார்வை திரும்பாது, மிச்சமிருப்பதைக் காப்பாற்றலாம் என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள். அப்புறமும் குறைந்துகொண்டேதான் வந்தது. இப்போது அப்பாவுக்கு வெளிச்சமும் நிழலும்தான் தெரியும்.

அம்மா போன பிறகு அவருக்கு ஒரே பொழுதுபோக்கு, தினம் சாயங்காலம் ஆறரை மணிக்கு எனக்குப் போன் செய்வது. என்னிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, "பயகிட்ட குடும்மா" என்பார். பயல் என்பது என் இளைய மகன். மூத்த பெண்ணுக்குப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் பிறந்தவன். அவனிடம் அப்பா கேட்பது ஒரே கேள்விதான்.

"இன்னிக்கி என்னடா பார்த்தே?"

"டிவி பார்த்தேன் தாத்தா."

"அப்பறம்?"

"மொபைல்ல காரு ஓடுற வீடியோ பார்த்தேன்."

"அப்பறம்?"

"அவ்ளோதான்."

"சரிடா ராஜா" என்று வைத்துவிடுவார். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் எனக்கு ஏதோ மாதிரி இருக்கும். ஆனால் அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். மறந்துவிடுவேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது இவனுக்கு இரண்டரை வயது. திருவரங்கத்தில் மூன்றாவது மாடியில் எங்கள் வீடு. கீழே இறக்கினால் எங்கே கொரோனா வந்துவிடுமோ என்று பொத்திப் பொத்தி வைத்தேன். பிள்ளை சாப்பிட மொபைல், தூங்க மொபைல், நான் சமைத்து முடிக்கும் வரை மொபைல். ஊரடங்கு போன பிறகும் பயம் போகவில்லை. வெயிலென்றால் கொப்புளம் வரும், மழையென்றால் சளி பிடிக்கும், பனியென்றால் மூச்சு இழுக்கும், மண்ணென்றால் பூச்சி கடிக்கும். வருஷம் முழுவதற்கும் என்னிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது.

2022-ல், தை மாதக் கடைசியில் அப்பா வீட்டுக்குப் போனோம். சம்பா அறுவடை முடிந்து வாசலெல்லாம் வைக்கோல் வாசனை. என் மூத்தவள் இவன் வயதில் அந்தத் திண்ணையிலிருந்து குதித்து வைக்கோல் போரைப் பார்த்து ஓடுவாள். இவன் திண்ணை விளிம்பில் நின்றுகொண்டு மண்ணைப் பார்த்தான். நான் கையைப் பிடித்து இறக்கினேன். வெறும் கால் மண்ணில் பட்டதும், "அம்மா, அழுக்கு! தூக்கு, தூக்கு!" என்று அலறிவிட்டான்.

அப்பாவுக்குக் கண் தெரியாதே தவிர காது கூர்மை. "ஏம்மா, எதையாவது மிதிச்சிட்டானா? முள்ளா?" என்று பதறிப்போய்க் கேட்டார். முள்ளில்லை, மண்தான் என்று நான் எப்படிச் சொல்வேன்? நாற்பது வருஷம் அந்த மண்ணைக் கையால் அளைந்தவரிடம்? "ஒண்ணுமில்லப்பா" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டேன். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. கண் தெரியாத மனிதர் தினமும் என்ன பார்த்தாய் என்று கேட்கிறார். கண் இருக்கிற பிள்ளைக்குப் பார்க்க ஒன்றுமே வைக்காமல் வளர்த்துவிட்டேனே என்று நினைத்துக்கொண்டேன்.

ஊர் திரும்பியதும் ஒரு தீர்மானம் செய்தேன். பெரிதாக ஒன்றுமில்லை. தினமும் சாயங்காலம் பதினைந்து நிமிஷம் பிள்ளையைக் கீழே கூட்டிப்போவது, தாத்தாவிடம் சொல்ல ஒரே ஒரு விஷயம் பார்த்துவிட்டு வருவது. அவ்வளவுதான்.

முதல் நாலைந்து நாள் என் இடுப்பை விட்டே இறங்கவில்லை. செருப்புப் போட்டுக்கொண்டுதான் நிற்பேன் என்றான். சரி, போட்டுக்கொள் என்றேன். எங்கள் தெருவில் ஒரு புங்க மரம் உண்டு. அப்போது மாசி மாதம். இலையெல்லாம் பழுத்துக் கொட்டிக்கொண்டிருந்தது. "மரம் செத்துப்போச்சாம்மா?" என்றான். அதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி. "தெரியலையே, தினம் வந்து பார்ப்போம்" என்றேன். தெரியும் என்று சொல்லியிருந்தால் மறுநாள் வந்திருக்க மாட்டான்!

பங்குனி பிறந்ததும் ஒரு நாள் கிளை நுனியெல்லாம் இளம்பச்சையாகத் துளிர் விட்டிருந்தது. அன்று போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு அவனே, "தாத்தா, மரம் சாகல!" என்று கத்தினான். அப்பா விட்டாரா? "எலை பளபளன்னு இருக்கா, மங்கலா இருக்கா? நெய் தடவின மாதிரி இருக்குமே?" என்று கேட்டார். இவனுக்குத் தெரியவில்லை. மறுநாள் அதைப் பார்ப்பதற்காகவே கீழே இழுத்துக்கொண்டு போனான். தொட்டுப் பார்த்தான். அன்றைக்குத்தான் செருப்பைக் கழற்றிவிட்டு மரத்தடியில் நின்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி மாட்டிக்கொள்வான்.

அதன் பிறகு அப்பாவின் கேள்விகள்தான் எங்களுக்கு வாத்தியார். இவன் ஒன்றைப் பார்த்துச் சொன்னால் அவர் இரண்டு கேட்பார். அந்த இரண்டுக்காக மறுநாள் மறுபடி போவோம்.

பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பாடத்தில் ஆறு பருவங்களை மனப்பாடம் செய்தோமே, நினைவிருக்கிறதா சகோதரிகளே? ஆவணி புரட்டாசி கார், ஐப்பசி கார்த்திகை கூதிர், மார்கழி தை முன்பனி, மாசி பங்குனி பின்பனி, சித்திரை வைகாசி இளவேனில், ஆனி ஆடி முதுவேனில். மார்க்குக்காகப் படித்துவிட்டு மறந்துபோனேன். நம் ஊரில் வெயில், கடும் வெயில், கொஞ்சம் மழை, அவ்வளவுதான் என்று நானும் கேலி பேசியிருக்கிறேன். பிள்ளையோடு தெருவில் நின்ற பிறகுதான் ஆறும் எங்கள் வாசல் வழியாகவே வந்து போவது தெரிந்தது.

சித்திரையில் வேப்பம்பூ கொட்டியது. வருஷப் பிறப்புப் பச்சடிக்கு அவனே ஒரு துணியை விரித்துப் பொறுக்கினான். சித்திரை பிறந்து நாலைந்து நாளில் எங்கள் ஊரில் நடுப்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். பன்னிரண்டே கால் வாக்கில் மொட்டை மாடியில் ஒரு சொம்பைக் கவிழ்த்து வைத்துக் காட்டினேன். நிழலே இல்லை! தன் நிழலையும் தேடினான். காலுக்கடியில் சுருண்டு கிடந்தது. "என் நிழல் எங்க போச்சு தாத்தா?" என்று அன்று சாயங்காலம் ஒரே அமர்க்களம். இதே மாதிரி ஆவணி இரண்டாம் வாரத்திலும் ஒரு முறை வரும். ஐந்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம், தலையில் துண்டு போட்டுத்தான் அழைத்துப் போக வேண்டும். அக்கினி நட்சத்திரக் காலத்தில் பதினொரு மணியிலிருந்து நான்கு மணி வரை பிள்ளைகளை வெளியில் விடவே கூடாது. எங்கள் பதினைந்து நிமிஷம் அப்போது காலை ஆறரை மணிக்கு மாறியது. குயில் கூவுவதைக் கேட்க அதுதான் நல்ல நேரமும் கூட.

வைகாசியில் காவிரிக்குத் தண்ணீர் வந்தது. வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கும் மேட்டூர் அணையை 2022-ல் மே 24-லேயே திறந்துவிட்டார்கள். வெறும் மணலாகக் கிடந்த ஆற்றில் தண்ணீர் வந்து சேர்ந்ததை அம்மா மண்டபம் படித்துறையிலிருந்து காட்டினேன். ஆடியில் காற்று வீதியில் கிடந்த சருகையெல்லாம் சுழற்றி அடித்தது. அந்த வருஷம் ஆடிப் பெருக்கின்போது காவிரியில் பெருவெள்ளம். படி இறங்காமல், கையை இறுகப் பிடித்துக்கொண்டு தூரத்தில் நின்றுதான் பார்த்தோம். "என்ன நெறம்டா தண்ணி?" என்று அப்பா கேட்டார். "காப்பி நெறம் தாத்தா" என்றான். அப்பா வெகுநேரம் சிரித்தார். "புதுத் தண்ணிடா அது. வண்டல் வருது" என்றார். அம்மா போன பிறகு அப்பா அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

ஆவணியில் என் கறிவேப்பிலைத் தொட்டியில் புழு வந்தது. முதலில் பறவை எச்சம் போல இருந்தது, பிறகு பச்சைப் பசேலென்று ஆனது. வேறு சமயமாக இருந்தால் குச்சியால் தள்ளிவிட்டிருப்பேன். ஒரு கொத்து கறிவேப்பிலை விற்கிற விலையில் புழுவுக்கா தானம் செய்வது! ஆனால் பிள்ளை தொட்டதும் அது தலைக்கு மேல் செக்கச் சிவந்த இரண்டு கொம்பை நீட்டியது, ஒரு நெடியும் வந்தது. பயமுறுத்துகிறதாம்! அதைப் பார்த்த பிறகு தள்ள மனம் வரவில்லை. தின்று கொழுத்துக் குச்சியில் கூடு கட்டித் தொங்கியது. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு காலையில், கருப்பில் வெள்ளைப் புள்ளி வரிசை வைத்த பட்டாம்பூச்சி ஈரச் சிறகைக் காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நாற்பத்தியொரு வயதில் நானும் அன்றுதான் முதல் முறை பார்த்தேன். இந்தப் புழு ஒன்றும் செய்யாது. ஆனால் முருங்கையில் வரும் ரோமம் வைத்த கம்பளிப்பூச்சியைத் தொட விடாதீர்கள், அரிப்பெடுத்துத் தடித்துவிடும்.

புரட்டாசி மழைக்கு மறுநாள் பக்கத்துக் காலி மனையில் சிவப்பு வெல்வெட் துணியைக் கத்தரித்துப் போட்டது போலப் பட்டுப்பூச்சிகள் ஊர்ந்தன. அப்பா காலை எண்ணச் சொன்னார். எட்டுக் கால். "அப்ப அது சிலந்திக்கு சொந்தக்காரன்டா" என்றார். தொட்டால் காலைச் சுருக்கிக்கொள்ளும், சற்றுப் பொறுத்தால் மறுபடி நடக்கும் என்பதை இவன் கண்டுபிடித்து அவருக்குச் சொன்னான். மண் அழுக்கு என்று அலறிய அதே பிள்ளை மண்ணில் குப்புறப் படுத்துக்கொண்டிருந்தான்!

இத்தோடு முடிந்தால் நன்றாக இருந்திருக்கும். ஐப்பசியில் அடைமழை பிடித்தது. ஒரு நாள் சாயங்காலம் இடி மின்னல் இல்லாத சுத்தமான மழை. மொட்டை மாடியில் பத்து நிமிஷம் நனைய விட்டேன். மூன்றாம் நாள் உடம்பு அனலாகக் கொதித்தது. நூற்று மூன்று டிகிரி.

"ஏம்மா, பச்சைப் பிள்ளைய மழையில நிறுத்தலாமா? உங்கப்பா கதை கேக்கணும்னு என் பேரனைப் பாடாப் படுத்துறியே" என்றார் மாமியார். என் கணவர் அதிகம் பேசாதவர். அவரும், "உனக்கு இதெல்லாம் தேவையா?" என்றார். ஊரெல்லாம் டெங்கு என்ற பேச்சு வேறு. ரத்தப் பரிசோதனை முடிவு வரும் வரை நான் பட்ட பாடு பெற்றவர்களுக்குத்தான் தெரியும்.

டெங்கு இல்லை. டாக்டர் சொன்னார்: "மழைத் தண்ணீர் ஜுரம் தராதும்மா. ஜுரம் தருவது கிருமி. இவன் வகுப்பிலிருந்தே நாலைந்து பிள்ளைகள் இதே ஜுரத்தோடு வந்திருக்கிறார்கள்." தலையைத் துவட்டி உலர்ந்த உடுப்பு மாற்றிவிட்டால் பத்து நிமிஷ மழையால் கெடுதல் இல்லை, தெருவில் தேங்கிய சாக்கடை கலந்த தண்ணீரில்தான் இறங்கக் கூடாது என்றார். டெங்குக் கொசு பகலில் கடிக்கும், நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், அந்த முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால் பூந்தொட்டித் தட்டு, கூலர், மாடியில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டை எல்லாவற்றையும் வாரம் ஒரு முறை கவிழ்த்துக் காயவைக்கச் சொன்னார். வீட்டுக்கு வந்து பார்த்தால், என் துளசித் தொட்டியின் தட்டிலேயே புழு நெளிந்துகொண்டிருந்தது. மழையைக் குற்றம் சொல்லிக்கொண்டு, வீட்டுக்குள்ளேயே கொசு வளர்த்திருக்கிறேன்!

டாக்டர் என்ன சொன்னாலும் என் மனது உடைந்துவிட்டது. பத்துப் பன்னிரண்டு நாள் பிள்ளையைக் கீழே இறக்கவில்லை. அப்பா போன் செய்வார்.

"இன்னிக்கி என்னடா பார்த்தே?"

"ஒண்ணும் பார்க்கல தாத்தா. அம்மா விடல."

அப்பா என்னைக் கேட்கவில்லை. "ஒடம்பு தேறட்டும்டா, அதெல்லாம் எங்கயும் ஓடிடாது" என்று மட்டும் சொன்னார்.

ஒரு நாள் பொழுது சாயும் நேரம். மாமியார் பால்கனியில் உட்கார்ந்திருந்தார். காலி மனைப் புதரிலிருந்து இரண்டே சுரத்தில் ஒரு விசில். சற்றுப் பொறுத்து மறுபடியும். அத்தை சட்டென்று எழுந்து, "டேய், இங்க ஓடி வா! ஆறுமணிக் குருவி! எங்க ஊர்ல கேட்டது, அம்பது வருஷம் ஆச்சு" என்றார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி ஆறு! வட இந்தியப் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு ஐப்பசி வாக்கில் நம் பக்கம் வரும் பறவை அது. விடியலிலும் அந்தியிலும் கூப்பிடும். "பாட்டி, எந்த நெறம்?" என்றான். "பச்சை முதுகு, செவப்பு வயிறு. வா, கீழ போய்ப் பார்ப்போம்" என்று முழங்கால் வலியோடு அத்தையே மூன்று மாடி இறங்கினார். பறவை கண்ணில் படவில்லை. ஆனாலும் அன்று அப்பாவிடம் போனில் அத்தைதான் முதலில் பேசினார். "சம்பந்தி, ஆறுமணிக் குருவி வந்துட்டுது" என்று! அதற்கு மேல் எனக்கு யார் அனுமதி வேண்டும்?

மார்கழியில் விடியற்காலைக் கோலத்துக்குப் பக்கத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, பூசணிப்பூ வைத்தான். சித்திரையில் எட்டிக்கூடப் பார்க்காத வெயில் எங்கள் தெற்குப் பார்த்த சமையலறை ஜன்னல் வழியாக அரிசி டின் வரைக்கும் வந்தது. தரையில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்தான். பொங்கலுக்குப் பின் அந்த வெயில் கோட்டை விட்டுப் பின்வாங்கியது. இரவு ஏழரை மணிக்குக் கிழக்கே வரிசையாக நின்ற மூன்று நட்சத்திரங்களை மாடியில் படுத்துப் பார்த்தோம்.

கூடைக்காரம்மா கொண்டுவரும் பண்டமும் ஒரு பஞ்சாங்கம்தான் என்று அப்போதுதான் புரிந்தது. மாசியில் மாவடு, வைகாசியில் நுங்கு, ஆடியில் நாவல்பழம், ஆவணியில் விளாம்பழம், தையில் பனங்கிழங்கு. எது வந்தாலும் முதல் நாள் அவன் கையில் ஒன்று கொடுத்து மோந்து பார்க்கச் சொல்வேன்.

என்னைப் போன்ற தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. இதற்கு ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போக வேண்டாம். காசும் வேண்டாம். ஒரு மரம், ஒரு தொட்டிச் செடி, ஒரு ஜன்னல் போதும். தினமும் அதே மரத்தைப் பார்ப்பதுதான் முக்கியம். அப்போதுதான் மாறுவது தெரியும். நாமே எல்லாவற்றையும் சொல்லிவிடாமல் ஒரு கேள்வியை மறுநாளைக்கு மிச்சம் வையுங்கள். அரளி போன்ற விஷச் செடிகளை முதலிலேயே அடையாளம் காட்டிவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கை கால் கழுவுவது கட்டாயம். பகல் வெளிச்சத்தில் தினம் விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைவு என்று பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். மூத்தவள் ஏழு வயதில் கண்ணாடி போட்டாள். இவனுக்கு இதுவரை இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டில் யாருக்காவது நீர் அழுத்த நோய் இருந்தால், நாற்பது வயதான நாமும் கண் அழுத்தத்தைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். நான் வருஷம் ஒரு முறை போகிறேன். பார்க்க இவ்வளவு இருக்கிறதே!

2023 பொங்கலுக்கு அப்பா வீட்டுக்குப் போனோம். ஆட்டோ நின்றதும் செருப்பை வண்டியிலேயே விட்டுவிட்டு வைக்கோல் போரைப் பார்த்து ஓடினான். "யாரு ஓடுறது?" என்றார் அப்பா. "உங்க பேரன்தாம்ப்பா" என்றேன். கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கத் திரும்பி வந்து, தாத்தாவின் கையை இழுத்து உள்ளங்கையில் எதையோ வைத்தான். அப்பா விரலால் தடவிப் பார்த்து, "பொன்வண்டா? இல்ல... நத்தைக் கூடு" என்றார். "கரெக்ட் தாத்தா!" என்று குதித்தான்.

இப்போது அவன் மூன்றாம் வகுப்பு. சாயங்காலம் ஆறரைக்குப் போன் அடித்தால் நான் எடுப்பதற்குள் அவன் எடுத்துவிடுகிறான். தாத்தா கேட்கும் வரை காத்திருப்பதில்லை. "தாத்தா, இன்னிக்கி நான் என்ன பார்த்தேன் சொல்லு?" என்று அவன்தான் கேட்கிறான். குழம்பு கொதித்தால் கொதிக்கட்டும் என்று அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டு, நானும் பக்கத்தில் நின்று கேட்கிறேன்.